புகைக்கூண்டின் தலையில் கம்பி வேண்டாம்

திருநெல்வேலி, தூத்துக்குடிக் கடற்கரையில் உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கமோ, மணப்பாடு, ஆலந்தலை, காயல்பட்டினம் பக்கமோ ஒரு மொட்டைமாடியில் ஏறி நின்று சுற்றியுள்ள வீட்டுப் புகைக்கூண்டுகளைப் பாருங்கள். சுவர் நன்றாக நிற்கும். உச்சியில் உள்ள சிலாப்பின் ஓரம் மட்டும் பேந்து, உள்ளே கிடக்கும் கம்பி பழுப்பேறி வெளியே எட்டிப் பார்க்கும். மூடி என்று ஒன்று இருந்திருந்தால் அது துருவில் ஓட்டையாகியிருக்கும், இல்லையென்றால் ஏதோ ஒரு காற்றில் பறந்து போயிருக்கும். கீழே அடுப்படியில் மழை பெய்த மறுநாள் சுவரில் தேயிலைச் சாயம்போல ஒரு கோடு இறங்கும். அது வெறும் மழைத்தண்ணீர் இல்லை. புகைவழிக்குள் ஒட்டியிருக்கும் கரியையும் பிசினையும் கரைத்துக்கொண்டு வரும் புளிப்புத் தண்ணீர். சுண்ணாம்புக் காரையையும் சிமெண்டுப் பூச்சையும் அது சேர்த்தே தின்னும்.

விறகடுப்பு இன்னும் எரிகிற வீடுகளுக்கும், வெந்நீர் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கும், விறகு அடுப்பில் ரொட்டி சுடும் பேக்கரிக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். புகைக்கூண்டின் வாயைச் சுற்றிப் படுத்திருக்கும் கான்கிரீட்டைத் தலை சிலாப் என்றும், அதற்கு மேலே கால் ஊன்றி நிற்பதை மூடி என்றும் வைத்துக்கொள்வோம். செங்கல் உடம்புக்குள் மழை இறங்காமல் பார்ப்பது தலை சிலாப்பின் வேலை. வாய்க்குள் மழையும் காக்கையும் இறங்காமல் பார்ப்பது மூடியின் வேலை. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

முதலில் கம்பி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடலோரத்தில் பார்க்கும் புகைக்கூண்டுக் கோளாறில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. சிமெண்டின் காரத்தன்மை அதன்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை உடைத்துவிடும். அதன்பிறகு ஈரமும் காற்றும் போதும். துருவோ, தான் பிறந்த இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த இடத்துக்காக அது கான்கிரீட்டை உள்ளிருந்து நெம்பித் தள்ளும். ஓரம் முதலில் நீளவாக்கில் விரியும், அப்புறம் பொக்கென்று கழன்று விழும்.

கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 456, கடலோரக் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கனத்துக்குக் காப்பு வேண்டும் என்கிறது. கடல்நீர்த் தூவல் நேரே படும் இடத்தில் 50 மி.மீ. தலை சிலாப்பின் ஓரக் கனமோ 3 அங்குலம், அதாவது 75 மி.மீ. அதில் 8 மி.மீ. கம்பியை அச்சாக நடுவில் வைத்தாலும் மேலும் கீழும் 33 மி.மீ.தான் மிஞ்சும். வேலை நடக்கும்போது கம்பி அச்சாக நடுவில் நிற்பதும் இல்லை, கான்கிரீட்டைக் கொட்டுகிற வேகத்தில் கீழே படிந்துவிடும். ஆகவே கணக்குப்படியே இந்தச் சிலாப்பில் கம்பிக்கு இடமில்லை.

கொத்தனார் ஒத்துக்கொள்வது கடினம்தான். "கம்பி இல்லாம எப்படி அண்ணாச்சி நிக்கும்? நாளைக்கு ஒடைஞ்சா எம் பேருல்லா கெடும்" என்பார். அவர் கவலை நியாயமானது, வீட்டுத் தளத்தில் கம்பி இல்லாமல் நிற்காது. ஆனால் இந்தச் சிலாப் எதையும் தாங்கவில்லை. நாலு பக்கமும் செங்கல் சுவர்மேல் படுத்திருக்கிறது, வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இரண்டரை அங்குலம்தான். 3 அங்குலக் கனமுள்ள கான்கிரீட் இரண்டரை அங்குலம் நீட்டிக்கொண்டு தன் பாரத்தைத் தானே தாங்கும். வெயிலில் விரிந்து சுருங்கும்போது வரும் மயிரிழை வெடிப்புக்குத்தான் ஏதாவது வேண்டும். அதற்குக் கம்பிக்குப் பதில் பாலிப்ரொப்பிலின் நார் போடலாம். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 125 கிராம் என்ற கணக்கில் சின்னப் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. நாருக்குத் துரு கிடையாது.

சரி, ஏற்கெனவே இருக்கும் கூண்டைப் பார்ப்போம். இடிப்பதற்கு முன் ஒழுகுவது மழையா, சுவருக்குள் இருக்கும் உப்பா என்று தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டு உப்பு, காற்றில் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடியும் பூக்கும். நம் கடற்கரையில் ஈரப்பதம் ஒரு நாளைக்குள்ளேயே இந்தக் கோட்டை ஏறி இறங்கும். அதனால்தான் மழையே இல்லாத மாசி மாதத்திலும் விடிகாலையில் சுவர் நசநசவென்று இருக்கும், உச்சிவேளையில் அதே இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். கரைந்து கரைந்து பூக்கும் ஒவ்வொரு முறையும் அந்த உப்புப் படிகம் காரையின் துளைகளை விரித்து மாவாக உதிர்க்கும். இந்த ஈரத்துக்கு மேலே மூடி போட்டுப் புண்ணியமில்லை. உப்பேறிய பூச்சை எடுத்துவிட்டு மறுபூச்சுதான் பூச வேண்டும்.

மழைக்குப் பிறகு மட்டும் வந்து, பழுப்பு நிறமாக, கரிநாற்றத்தோடு இருந்தால் அது மேலிருந்து வருவது. மாடிக்குப் போய், ஒரு செம்புத் தண்ணீரைத் தலை சிலாப்பின்மேல் மெதுவாக ஊற்றிப் பாருங்கள். வெளிப்பக்கம் ஓடி ஓரத்தில் சொட்டாக விழ வேண்டும். தேங்கினாலும், வாய்ப்பக்கம் திரும்பினாலும், ஓரத்தைத் தாண்டியதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு கீழே இறங்கினாலும் சிலாப்பில் குற்றம். பிறகு சுத்தியல் பிடியால் நாலு பக்கமும் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் உடம்பு நன்றாக இருக்கிறது. பொத்பொத்தென்று கேட்கும் இடத்தில் உள்ளே துரு விரிந்து கழன்றுவிட்டது, வெளியே வெடிப்பு தெரியாவிட்டாலும் சரி.

வெடிப்பு மயிரிழையாகவும் தட்டினால் சத்தம் நன்றாகவும் இருந்தால் இடிக்க வேண்டாம். வெடிப்பைக் கட்டரால் 10 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழத்துக்குக் கீறி, தூசியை ஊதி எடுத்து, எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் என்னும் ரப்பர்ப் பால் போன்ற திரவம் கலந்த சிமெண்டுச் சாந்தை அழுத்தி அடைத்து, மறுநாளிலிருந்து மூன்று நாள் நனைத்து வையுங்கள். காய்ந்தபின் இரண்டு பாகமாக வரும் அக்ரிலிக் சிமெண்டுப் பூச்சை இரண்டு கை அடிக்கலாம், ஒன்று கிழமேற்காக, அடுத்தது தென்வடலாக. கரி ஒட்டிய இடத்தில் எந்தப் பூச்சும் பிடிக்காது, கம்பிப் பிரஷ்ஷால் சாம்பல் நிறம் தெரியும்வரை தேய்த்தே ஆக வேண்டும். பொத்தென்று கேட்கும் சிலாப்பில் மேலே பூசி மறைப்பது மட்டும் வேண்டாம். துரு உள்ளே வேலையை நிறுத்தாது. அடுத்த மழைக்குள் பூச்சோடு சேர்த்துத் தள்ளிவிடும்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். வடகிழக்குப் பருவம் மார்கழியோடு அடங்கும். வைகாசிக் கடைசியில் கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் ஆவணி வரை சாரத்தில் நிற்க முடியாது, தேரி என்னும் செம்மணல் மேட்டு மணலை வாரி ஈரக் கான்கிரீட்டின்மேல் அப்பிவிடும். ஆகவே தை பிற்பாதியிலிருந்து பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழை தலைக்கு மேல் வந்தபிறகு ஓடி அலைந்து செய்த வேலை எதுவும் நிற்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மாதிரி மழைக்கு முன்னால் ஒரு சின்ன வெடிப்பும் வாய்க்கால்தான்.

இடிக்கும் நாளுக்கு முந்தின நாளே அடுப்பை அணைத்துவிடுங்கள். அடுப்பு வாயைச் சாக்கால் அடைத்து, உள்ளே பழைய சேலை ஒன்றைச் சுருட்டித் திணித்தால் கட்டித்துண்டு அடுப்படிக்குள் விழாது. சிலாப்பை ஒரே அடியாக அடிக்கக் கூடாது, மேல் நாலு வரிச் செங்கலும் ஆடிப்போகும். கிரைண்டரால் நாலாக அறுத்து, உளி வைத்துத் துண்டு துண்டாக இறக்குங்கள். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பல வீடுகளில் புகைக்குழாயாக ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய் இருக்கும். அதைக் கிரைண்டரால் தொடவே கூடாது. அதன் தூசி நுரையீரலில் போய்த் தங்கி வருடங்கள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். முழுக்க நனைத்து, உடைக்காமல், முழுக் குழாயாகக் கழற்றி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒதுக்குங்கள். அதைத் துடைத்த துணியைக்கூட மறுபடி துவைத்துப் பயன்படுத்த வேண்டாம்.

சிலாப்பை எடுத்ததும் மேல் வரிச் செங்கல்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடுவதையும், விரலால் சுரண்டினால் மாவாக உதிர்வதையும் எடுத்துவிட்டு மாற்றுங்கள். இங்கே நல்ல வேகவைத்த சேம்பர் செங்கல்தான் வேண்டும், அரைவேக்காட்டுக் கல் உப்புக்காற்றில் இரண்டு வருடம் தாங்காது. பழைய சுண்ணாம்புக் காரைக் கூண்டாக இருந்தால் அதன்மேல் கெட்டிச் சிமெண்டுச் சாந்து பூசுவது பெரிய தவறு. சுண்ணாம்பு மூச்சு விடும், சிமெண்டு விடாது. உள்ளே இருக்கும் உப்பும் ஈரமும் வெளியே வர வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து, ஒரு நாள் தகடாகத் தள்ளிவிடும். ஒரு பங்கு சிமெண்டு, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்ற கலவை இதற்குப் போதும். நீர்த்த சுண்ணாம்பில் கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் விட்டுச் சாந்து அரைக்கத் தெரிந்த பெரியவர் யாராவது கிடைத்தால் அவரையே பூசச் சொல்லுங்கள். உடன்குடிக் கருப்பட்டி பக்கத்திலேயே இருக்கிறது, அந்தச் சாந்து மெதுவாக இறுகினாலும் தண்ணீரை உள்ளே விடாது.

இனி வார்ப்பு. 2 அடிக்கு 2 அடி கூண்டு, நடுவில் 9 அங்குலச் சதுர உள்வாய் உள்ள குழாய் என்று வைத்துக்கொண்டு அளவு சொல்கிறேன். சிலாப் நாலு பக்கமும் இரண்டரை அங்குலம் வெளியே நீள வேண்டும், ஆக 2 அடி 5 அங்குலச் சதுரம். ஓரத்தில் 3 அங்குலக் கனம், குழாய் ஓரத்தில் 4 அங்குலம். இந்த ஒரு அங்குல வாட்டம் போதும். குழாய் சிலாப்பைவிட 2 அங்குலம் மேலே நிற்கட்டும். குழாய் இல்லாமல் வெறும் செங்கல் புகைவழியாக இருந்தால் வாயைச் சுற்றிச் சிலாப்பிலேயே 2 அங்குல வரம்பு எழுப்பிவிடுங்கள்.

நீளும் பகுதிக்குக் கீழே தாங்க, கூண்டைச் சுற்றிப் பலகைச் சட்டம் அடித்து, கட்டுக்கம்பியால் இறுக்கி, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அந்தப் பலகையின்மேல், வெளி ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே, எண்ணெய் தடவிய 10 மி.மீ. கம்பியை நாலு பக்கமும் ஆணியடித்து நிறுத்துங்கள். சென்ட்ரிங் பிரிக்கும்போது கம்பியையும் உருவிவிட்டால் சிலாப்பின் அடியில் ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், கிடைக்கும். இந்தக் காடியை வைக்காமல் விட்டவர்கள்தான் அதிகம். தண்ணீருக்குப் பரப்போடு ஒட்டிக்கொண்டு ஓடுகிற குணம் உண்டு. ஓரத்தில் இறங்கிய துளி அடிப்பக்கமாக ஊர்ந்து மறுபடியும் செங்கலைத் தொட்டுவிடும். காடி குறுக்கே இருந்தால் அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். நேர்த்தியாக முடித்த எத்தனையோ சிலாப்புகளில் இந்த அரை விரற்கடைப் பள்ளம் மட்டும் இல்லாமல், கூண்டின் நாலு முகத்திலும் பாசி பிடித்துக் கிடக்கிறது.

செங்கல் வரிக்கும் சிலாப்புக்கும் நடுவே கனமான பாலித்தீன் தாள் ஒன்றை விரித்துவிடுங்கள். வெயிலில் சிலாப் ஒரு மாதிரியும் செங்கல் ஒரு மாதிரியும் விரியும், ஒன்றையொன்று இழுக்காமல் தனித்தனியே நகர இந்தத் தாள் உதவும். குழாயைச் சுற்றி அரை அங்குலத் தெர்மாகோல் சுற்றிவிட்டுக் கான்கிரீட் போடுங்கள். குழாய் சூட்டில் வீங்கும். கான்கிரீட் அதைக் கழுத்தோடு பிடித்திருந்தால் குழாயிலிருந்து நாலு மூலைக்கும் குறுக்கு வெடிப்பு ஓடும். அப்படிப்பட்ட வெடிப்பை எங்கே பார்த்தாலும் காரணம் இதுதான்.

இந்த அளவுக்குத் தேவையான கான்கிரீட் சுமார் 1.4 கன அடி. ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவையில், சிமெண்டு 16 கிலோ, எம் சாண்ட் 0.6 கன அடி, 12 மி.மீ. ஜல்லி 1.2 கன அடி, நார் 40 கிராம், தண்ணீர் 7 லிட்டர். தண்ணீர் அளவைக் கண்ணால் பார்த்து விடாதீர்கள், ஒரு லிட்டர் சொம்பால் எண்ணி ஊற்றுங்கள். குழைவாக வேண்டும் என்று இன்னும் இரண்டு லிட்டர் விட்டால் அந்த இரண்டு லிட்டரும் பிறகு ஆவியாகிப் போய், விட்டுப்போகும் துளைகளில் உப்பு குடியேறும். சிமெண்டில் ஸ்லாக் கலந்த பி.எஸ்.சி. கிடைத்தால் அதை வாங்குங்கள், உப்பு ஊடுருவுவதை அது நன்றாகத் தடுக்கும். நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி.யும் பரவாயில்லை. மூட்டையில் அச்சிட்ட வாரத்தையும் வருடத்தையும் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியது வேண்டாம், கடலோரக் கடையில் அடுக்கி வைத்த சிமெண்டு மூட்டைக்குள்ளேயே ஈரம் குடித்துக் கட்டி தட்டியிருக்கும்.

மணலும் தண்ணீரும்தான் உப்பு உள்ளே நுழைகிற பின்வாசல். கடற்கரை மணலைக் கூடையில் அள்ளி வந்து போட்டால் அன்றைக்கே வேலை கெட்டது. தேரி மணலும் ஆகாது, அது மிகவும் பொடி, செம்மண்ணும் கலந்திருக்கும். தண்ணீர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். திசையன்விளை, ராதாபுரம், திருச்செந்தூர்ப் பக்கம் கிணற்றிலும் போரிலும் கடல் உப்பு ஏறியிருக்கும் ஊர்கள் உண்டு. ஐ.எஸ். 456 கணக்கில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், கம்பி இல்லாததற்கு 2000 வரை போகலாம். கம்பி வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இருந்தாலும் உப்புத் தண்ணீரில் கலந்தால் பிறகு சிலாப்பே பூக்கும். கலப்பதற்கு 7 லிட்டர்தானே வேண்டும், குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரில் ஒரு குடம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நனைக்கவும் அதே தண்ணீர்தான். போர்த் தண்ணீரை நாளுக்கு மூன்று வேளை ஊற்றினால் ஒவ்வொரு ஊற்றலிலும் தண்ணீர் போய் உப்பு மட்டும் சிலாப்பில் தங்கும்.

கலவையைப் போட்டுக் கம்பால் குத்தி, ஓரத்தில் கரண்டியால் செருகி, மணியாசுக் கட்டையால் வாட்டத்தோடு தேய்த்துவிடுங்கள். பளபளப்பாக்குவதற்காக மேலே வெறும் சிமெண்டைத் தூவித் தேய்ப்பது பழக்கம், அதைச் செய்யாதீர்கள். அந்தத் தோல்தான் முதலில் சிலந்தி வலைபோல வெடிக்கும். மூன்று நாலு மணி நேரத்தில் ஈரச் சாக்கு, அதன்மேல் பிளாஸ்டிக் தாள், ஓரங்களில் செங்கல் பாரம். சணல் சாக்குதான் நல்லது, உர மூட்டைச் சாக்கில் தண்ணீர் நிற்காது. குறைந்தது பத்து நாள், முடிந்தால் பதினாலு நாள் சாக்கு காயக் கூடாது. மூன்றாம் நாள் பக்கப்பலகையைக் கழற்றலாம், அடிப்பலகை ஒரு வாரம் இருக்கட்டும்.

பதினாலு நாளுக்குப் பிறகு தெர்மாகோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் செராமிக் நார்க் கயிற்றை அழுத்திச் செருகி, மேலே அரை அங்குலத்துக்கு உயர்சூட்டுச் சிலிக்கான் அடையுங்கள். டியூபில் எத்தனை டிகிரி தாங்கும் என்று எழுதியிருக்கும். வீட்டு அடுப்புக்கு 250 டிகிரி தாங்குவது தாராளம். பேக்கரிக் கூண்டுக்கு 300 டிகிரிக்கு மேல் தாங்குவதைக் கேட்டு வாங்க வேண்டும். பாத்ரூம் ஓட்டை அடைக்கிற சாதா சிலிக்கானும், எம்சீலும், தாரும் இங்கே உருகிவிடும் அல்லது பொரிந்துவிடும்.

மூடிக்கு வருவோம். வீட்டுப் புகைக்கூண்டுக்கு என் முதல் ஓட்டு கடப்பா கல்லுக்கு. நாலு மூலையிலும் 9 அங்குல உயரச் செங்கல் தூண் எழுப்பி, ஒரு அங்குலக் கனமுள்ள இரண்டரை அடிச் சதுரக் கடப்பாவைச் சற்றே கிழக்கே சாய்த்து வைத்தால் முடிந்தது. கல்லின் எடை சுமார் 38 கிலோ, சாதாரணக் காற்றுக்கு அசையாது, துருவும் கிடையாது. கல்லின் அடியிலும் கிரைண்டரால் ஒரு காடி கீறிவிடுங்கள். தூண்களுக்கு மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடித்தால் போதும். பேக்கரிக்கு இது சரிவராது, தீக்கொழுந்தின் சூடு தொடர்ந்து பட்டால் கடப்பா தகடு தகடாக உரியும்.

உலோக மூடிதான் வேண்டும் என்றால், தகடு எது என்பதிலேயே பாதி காரியம் இருக்கிறது. ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் பூச்சை உப்பும் புகையின் புளிப்பும் இரண்டு பக்கமிருந்தும் தின்றுவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பட்டறையில் கேட்டால் 202 தரத்தைக் கொடுத்துவிடுவார்கள். கடலோர வீடுகளின் மாடிப்படிக் கைப்பிடி ஒரே வருடத்தில் பழுப்புப் புள்ளி போடுவது அந்தத் தரத்தால்தான். 304 அதைவிட நல்லது, ஆனாலும் கடலுக்கு ஓரிரு கிலோமீட்டருக்குள் அதுவும் புள்ளி போடும். மாலிப்டினம் 2 முதல் 3 விழுக்காடு கலந்த 316தான் இங்கே நிற்கும். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, மூன்றுமே காந்தத்தில் ஒட்டாது. மாலிப்டினம் சோதிக்கும் திரவம் சின்னக் குப்பியாகக் கிடைக்கிறது. தகட்டில் ஒரு சொட்டு விட்டு, கூடவே வரும் சின்ன பேட்டரியைத் தொட வைத்தால் 316 தனி நிறம் காட்டிவிடும். நட்டு, போல்ட்டும் அதே தரமாக இருக்கட்டும், தலையில் ஏ4 என்று பொறித்திருக்கும். 316 மூடியைச் சாதா இரும்பு போல்ட்டால் இறுக்கினால் போல்ட் சீக்கிரமே அரித்துப் போகும். ஆர்கான் வெல்டிங் செய்த இடத்தில் தெரியும் நீலமும் பழுப்புமான கறையைப் பிக்ளிங் பசை என்னும் அமிலப் பசையால் துடைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் துரு அங்கிருந்தே கிளம்பும்.

9 அங்குல வாய்க்கு 530 மி.மீ. சதுரத் தகடு, 1.2 மி.மீ. கனம். குழாயின் வாய்க்கும் தகட்டின் அடிக்கும் நடுவே எத்தனை உயரம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வாயின் பரப்பு 81 சதுர அங்குலம். சுற்றளவு 36 அங்குலம். 6 அங்குல உயரம் விட்டால் நாலு பக்கமும் சேர்ந்து 216 சதுர அங்குலம் கிடைக்கும். வலை அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மீதி 144. காற்று அடிக்கும்போது பாதிப் பக்கம் புகையை வெளியே விடாது, மீதி 72. வாயைவிடக் குறைந்துவிட்டது, புகை அடுப்படிக்கே திரும்பும். 8 அங்குலம் விட்டால் இதே கணக்கில் 96 வரும். ஆகவே 8க்குக் குறையாமல் வையுங்கள்.

வலைக்கண் அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம். கொசுவலை மாதிரிப் பொடிக்கண் வைத்தால் ஒரே மாதத்தில் கரி அடைத்து, புகை முட்டும். அதைவிடப் பெரிதாக வைத்தால் அணில் குட்டி போடும்.

முழு மூடியும் 5 கிலோதான் இருக்கும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அடிக்கும் காற்று அந்தத் தகட்டில் சுமார் 13 கிலோ பாரத்துக்குச் சமமான விசையைக் கொடுக்கும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது பார்த்தோமே, பாரத்தை மட்டும் நம்பி வைத்த லேசான எதுவும் மாடியில் நிற்காது. நாலு காலுக்கும் 8 மி.மீ. ஸ்டட் (மரை போட்ட கம்பி), சிலாப்பில் 70 மி.மீ. ஓரம் விட்டுத் துளைபோட்டு, கெமிக்கல் ஆங்கர் பசையால் ஊன்றுங்கள். அடித்து விரியவைக்கும் ஆங்கர் போல்ட் மெல்லிய சிலாப்பைப் பிளந்துவிடும். துளையை ஊதி, பிரஷ் விட்டு, மறுபடி ஊதிய பிறகே பசை. தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது.

எல்லாம் சரியாகச் செய்தும் ஆனி, ஆடியில் மட்டும் புகை திரும்பி அடிக்கிறதா? மூடியைப் பழிக்காதீர்கள், கூண்டு குட்டையாக இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்று, கைப்பிடிச் சுவரிலோ தண்ணீர் டேங்கிலோ மோதி, அதன் மறுபுறம் கீழ்நோக்கிச் சுழலும். அந்தச் சுழலுக்குள் கூண்டின் வாய் இருந்தால் புகை மேலேறாது. தளத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம் வேண்டும், 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எந்தச் சுவரையும் டேங்கையும்விட 2 அடி மேலே வாய் நிற்க வேண்டும். உயர்த்த முடியாவிட்டால் மேற்குப் பக்க வலைக்கு வெளியே 4 அங்குல இடைவெளி விட்டு ஒரு தடுப்புத் தகடு நிறுத்துங்கள்.

கேஸ் வந்த பிறகு பழைய கூண்டை மேலே முழுக்கக் காரை வைத்து அடைத்துவிட்ட வீடுகளும் உண்டு. உள்ளே பழைய கரியும் உப்பும் இருக்க, காற்றோட்டம் இல்லாமல் ஈரம் சேர்ந்து அடுப்படிச் சுவரே ஊறிப்போகும். மேலே மூடியும் வலையும் வைத்து, கீழே ஒரு கையகல ஜன்னல் விடுங்கள். மழைக்காகத் தற்காலிகமாகப் பாலித்தீன் கட்டியிருந்தால் அதைப் பிரிக்காமல் கீழே விறகைப் பற்றவைக்கக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். வெளியேற வழியில்லாத புகையில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்க மாட்டார்.

புதுச் சிலாப் போட்டுப் பதினாலு நாள் அடுப்பு வேண்டாம். அதன்பிறகு முதல் இரண்டு நாள் சுள்ளியும் தென்னை மட்டையும் மட்டும், வெந்நீர் காயும் அளவுக்கு. மூன்றாம் நாளிலிருந்து வழக்கம்போல விறகு வைக்கலாம். பேக்கரி அடுப்பானால் 28 நாள் பொறுக்கத்தான் வேண்டும். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்யும்போது குடையோடு மாடிக்குப் போய், சிலாப்பின் அடியில் அந்தக் காடியைப் பாருங்கள். வெளி உதட்டில் வரிசையாகச் சொட்ட வேண்டும், உள்பக்கம் செங்கல் காய்ந்திருக்க வேண்டும்.